சுகமானவரின் வீடு

எங்கள் சபையில் சாட்சி சொல்வதற்கென்று ஒரு நேரம் உண்டு. இரண்டாவது பாட்டு முடிந்ததும் மூப்பர் முன்னால் வந்து, கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்பார். கொஞ்ச நேரம் யாரும் அசைய மாட்டார்கள். பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுவார். மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது, ஸ்கூட்டரிலிருந்து விழுந்தும் எலும்பு முறியவில்லை. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொல்வோம். மகனுக்கு வேலை கிடைக்காதவரும், வரன் தட்டிப்போன வீட்டாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

சபை என்றால் எங்களுக்கென்று தனிக் கோயில் கிடையாது. புனே கண்டோன்மெண்ட் ஓரத்தில் ஒரு பழைய கல் கட்டடம். காலையில் அங்கே ஆங்கில ஆராதனை, அடுத்து மராத்தி, இரண்டும் முடிந்து வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு தமிழ். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்து பாதிப் பேர் பிரசங்கத்தில் தூக்கத்தில் சாமியாடுவார்கள். கோர்படியிலிருந்தும் போபோடியிலிருந்தும் கிர்கியிலிருந்தும் வரும் நாற்பது ஐம்பது குடும்பங்கள். வெளியே இந்தியும் மராத்தியும் பேசிக் களைத்த வாய்களுக்கு வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் தமிழ். அதனால் ஒருவர் வீட்டு விஷயம் இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்ததில்லை, தெரியாமல் இருக்கவும் விடமாட்டார்கள்.

என் கணவர் ரயில்வேயில் ஃபிட்டர். பிறந்ததே கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். அவருடைய அப்பாவுக்கும் அதே வேலை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் பேசும்போது அவர் அப்பாவின் திருநெல்வேலித் தமிழ் அச்சு மாறாமல் வரும், நடுவில் 'அச்சா'வும் 'சலோ'வும் கலந்து. நான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவர் சாது. வாக்குக் கொடுத்தால் மாறமாட்டார். இந்தக் குணத்துக்காகத்தான் என் அப்பா பெண் கொடுத்தார், இந்தக் குணம்தான் கடைசியில் எங்களை வதைத்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு வயிற்றுவலி வந்தது. கேண்டீன் வடாபாவ் செய்த வேலை என்று ஜெலுசில் குடித்துக்கொண்டு திரிந்தார். ஆள் இளைத்து, கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணையத்தில் கட்டி. டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்து இந்தியில் சொன்னார். எனக்கு அப்போது மார்க்கெட் இந்திதான் தெரியும், ஆனால் அவர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

முதல் சில வாரங்கள் சபை எங்கள் வீட்டிலேயே குடியிருந்தது என்று சொல்லலாம். ஒரு வீட்டிலிருந்து இட்லி, ஒரு வீட்டிலிருந்து கஞ்சி, இன்னொரு வீட்டிலிருந்து யாருமே சாப்பிட முடியாத ஒரு கேக். ஆண்கள் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். பெண்கள் என்னோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே அழுதார்கள். எனக்குக் கொஞ்சம் தனியாக இருக்க வேண்டும் போலிருந்தது, இவர்கள் எப்போதுதான் கிளம்புவார்கள் என்று எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து ஓர் ஊழியக்காரர், பேர்போன பிரசங்கியார், எழுப்புதல் கூட்டம் நடத்த வந்தார். வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல். கண்ணால் பார்த்த பிறகு நன்றி சொல்வது உலகத்தாரும் செய்வது, பார்ப்பதற்கு முன்பே பெற்றுக்கொண்டதாக நம்பி நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்றார். நம்பியதை வாயால் அறிக்கை செய்ய வேண்டும், அறிக்கை செய்த பிறகு அதற்கு மாறாக ஒரு சொல் வந்தாலும் பெற்ற நன்மை கைநழுவிப் போய்விடும் என்றும் சொன்னார். மூன்று நாளும் என் கணவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்திருந்தது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் முதல் ஆளாக அவர் எழுந்தார்.

"ஆண்டவர் என்னயச் சொகமாக்கிட்டாரு. எனக்குக் கட்டி இல்ல. விசுவாசத்துல சொல்லுதேன்" என்றார்.

எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவர் சட்டையைப் பிடித்து இழுக்க எனக்கு வழியில்லை. அன்றைக்கு எழுந்த ஆமென் மாதிரி அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. வயசாளிகள் அழுதார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது என்னைக் கட்டிப்பிடிக்க வரிசையாக நின்றார்கள். மூப்பர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். மறுநாள்தான் என் கணவருக்குக் கீமோ மருந்து ஏற்ற வேண்டிய நாள்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். அப்படியானால் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமா என்று கேட்டேன். மருந்தும் ஆண்டவர் கொடுத்ததுதான், அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, போவோம் என்றார். அப்படியே போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். மறுநாள் வழக்கமாக ஏறும் நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தம் வரை நடந்துபோய் பஸ் ஏறினார். எங்கள் நிறுத்தத்தில் சபை ஆட்கள் நிற்பார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீடு சுகமானவரின் வீடு. சுகமானவர் வீட்டுக்கு யார் கஞ்சி கொண்டு வருவார்கள்? கொண்டு வந்தால் அது அவிசுவாசம். எப்படி இருக்கிறார் என்று கேட்டால் அதுவும் அவிசுவாசம். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு ஒதுங்கவில்லை, அதுதான் கொடுமை. எங்கள் விசுவாசத்துக்குப் பழுது வந்துவிடக் கூடாதே என்று அன்பாக ஒதுங்கினார்கள். மார்க்கெட்டில் பார்த்தால் கையைப் பிடித்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, என் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் நகர்ந்துவிடுவார்கள். தனியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா, அது நன்றாகவே கிடைத்தது.

முடி கொட்ட ஆரம்பித்தது. குல்லா போட்டு மறைக்கலாம் என்றால் கோயிலுக்குள் ஆண்கள் தலையை மூடக் கூடாது. ஆகவே மொத்தமாக மழித்துக்கொண்டார். மாடி வீட்டில் இருந்த கும்பகோணத்து மாமி, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சபையில் யாரும் கேட்கவில்லை. வெயிலுக்கு என்று அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அப்போது மழைக்காலம் ஆரம்பித்துவிட்டிருந்தது.

வலி இரவில்தான் அதிகமாகும். எங்கள் குவார்ட்டர்ஸின் பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் இருந்தது எங்கள் சபைக் குடும்பம் ஒன்று. ஒரு தும்மல் போட்டால் கேட்கும் சுவர். முனகல் வெளியே போகாமல் இருக்க அவர் துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொள்வார். காலையில் பல் பதிந்த அந்தத் துண்டைத் துவைத்து வீட்டுக்குள்ளேயே காயப்போடுவேன். அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்த எங்கள் சபை நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனையோ உதவி கிடைத்திருக்கும். அவளுடைய வார்டைத் தாண்டாமல் போவதற்காக நாங்கள் பின்வாசல் வழியாகச் சுற்றிப் போனோம்.

மகள் அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஞாயிறு பள்ளியில் யாராவது விசாரித்தால், "அப்பா நல்லா இருக்காங்க" என்று சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் தடுமாறாமல் சொன்னாள்.

எங்களை விசாரித்த ஒரே ஆள் அந்த மாடி வீட்டு மாமிதான். அவர் சுகமான செய்தி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ரசத்தைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, இன்னிக்கு எப்படி இருக்கார் என்று வாசலில் நின்று கேட்பாள். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அவள் கேட்டபோது நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளில் சாய்ந்து அழுதேன். குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துப் பின்னால் நின்ற பெண் மராத்தியில் கத்தினாள். மாமி குழாயை மூடிவிட்டு என்னை அழவிட்டாள்.

நான் ஜெபிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுப்படியில் நின்று ஜெபித்தேன், முழங்கால் போடவில்லை, கண்ணை மூடவும் இல்லை. உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த மனுஷனுக்கும் தெரியும், நாம் மூன்று பேரும் சேர்ந்து யாரை ஏமாற்றுகிறோம் என்று கேட்பேன். அவர் சுகமாக வேண்டும் என்று கேட்டதெல்லாம் ஆரம்பத்தில். அது நடக்காது என்று ஆடி மாதத்துக்குள் எனக்குப் பட்டுவிட்டது. சாவதற்கு முன்னால், வலிக்கிறது என்று அவர் ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதற்கு மட்டும் வழி செய்யும் என்று கேட்டேன். அதுவும் கிடைக்குமா என்று எனக்கு நிச்சயமில்லை. பல நாள் அடுப்பை அணைத்துவிட்டு, கேட்கிறவர் அங்கே இருக்கிறாரா என்ற சந்தேகத்தோடுதான் நகர்ந்தேன்.

மழை விட்ட சமயத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி ஈரல் வரை பரவியிருந்தது. இனி கீமோ வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏளா, ஆண்டவரு மறந்துட்டாரா? இல்ல, நான்தான் சரியா நம்பலியோ?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஆறுதலாக ஒரு பொய்கூட வரவில்லை. மீதி வழியெல்லாம் அவர் தன் கையை என் மடியில் வைத்திருந்தார், அதில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்த மாதம் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் எங்கள் முறை. முறை மாறி மாறி எல்லா வீட்டுக்கும் வரும், வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். சாயங்காலம் இருபது பேர் வந்தார்கள். அவரை நான் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். உடம்பு தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டை, உள்ளே இரண்டு பனியன். எத்தனை மறைத்தாலும் கழுத்தை மறைக்க முடியவில்லை. வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பாயைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லாதபோதுதான், இவர்களுக்கும் தெரியும் என்று எனக்கு உறைத்தது. ஊரே சேர்ந்து அவரைச் சுகமானவராக வைத்துக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. மூப்பர் எழுந்து அவர் தோளில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். இந்தச் சகோதரனுக்கு நீர் கொடுத்த பூரண சுகத்துக்காக ஸ்தோத்திரம், பிசாசின் கட்டுகளை அறுத்ததற்காக ஸ்தோத்திரம் என்று குரல் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் தோளில் ஒரு தட்டு. அந்தத் தட்டு ஒவ்வொன்றும் அவருக்கு எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். நான் எழப் போனேன். அதற்குள் அவர் தன் கையைத் தூக்கி மூப்பரின் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, அப்படி ஜெபிக்காதிய" என்றார்.

ஜெபத்தின் நடுவில் யாரும் பேசுவதில்லை. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

"எனக்குச் சொகமாகல. ரொம்ப வலிக்கி. ராத்திரியெல்லாம் தூங்க முடியல. வலியத் தாங்கதுக்குப் பெலன் கேளுங்க. அத மட்டும் கேளுங்க."

மூப்பர் கையை எடுத்துவிட்டார். பிறகு அந்த நர்ஸ் எழுந்து வந்து நாற்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள், வீங்கியிருந்தது. ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். நான் சுவரைக் காட்டினேன், வாசலைக் காட்டினேன், எதைக் காட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்று ஜெபத்தை முடித்து வைத்தது அவள்தான். வலியைக் குறையும், தூக்கத்தைக் கொடும் என்று கேட்டுவிட்டு முடித்துக்கொண்டாள். டீயை யாரும் குடிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு கேட்டேன், அப்படியானால் நம்பிக்கையை விட்டுவிட்டீர்களா என்று. அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"விட்டிருந்தா எதுக்குச் சொல்லப்போறேன்? ஆண்டவரு நம்ம ஆளு. நம்ம ஆள்ட்ட எத்தன நாளைக்கு வேசம் போட?"

நர்ஸ் மறுநாளே டாக்டரிடம் பேசி வலி மாத்திரையை இன்னும் பலமானதாக மாற்ற வைத்தாள். அப்படி ஒரு மாத்திரை உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது, வழக்கமான மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம், ஏனென்றால் டாக்டரிடம்கூட அவர் வலியைக் குறைத்துத்தான் சொல்லிவந்தார். துண்டு தேவைப்படவில்லை. வலித்தபோது சத்தமாக முனகினார், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது, கேட்கட்டும் என்று இருந்தார். முனகி முடித்துத் தூங்கினார். குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பக்கத்து வீட்டிலிருந்து மறுபடி கஞ்சி வந்தது. மகள் அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து பாடம் படித்தாள். கடைசி நாட்களில் எங்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவதற்கு முன்னால் அவர் போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் மூப்பர், சகோதரன் பரலோகத்தில் பூரண சுகம் பெற்றுவிட்டார் என்றார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைச் செத்துப்போனவர் என்று சொல்ல அப்போதுகூட யாருக்கும் மனம் வரவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது. அதைவிடப் பெரிய ஆத்திரம் பிறகு வந்தது. அறிக்கை செய்ததைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார், அந்த வெள்ளிக்கிழமை மட்டும் பேசாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சபையில் சிலர் பேசிக்கொண்டார்கள். அது சுற்றிச் சுற்றி என் காதுக்கு வந்தது, எங்கள் சபைப் பேச்சு எதுதான் வராமல் இருந்திருக்கிறது. சில வாரம் நான் கோயிலுக்குப் போகவில்லை. அடுப்படியிலும் பேசவில்லை. ஆண்டவரோடு எனக்கு இருந்தது பேச்சுவார்த்தை இல்லாத சண்டை, ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற சண்டை.

ஒரு ஞாயிறு, மகள் மட்டும் கிளம்பி நின்றாள். யாராவது அப்பாவைக் கேட்டால் என்ன சொல்ல என்று இந்தியில் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் புடவை மாற்றிக்கொண்டு அவளோடு போனேன்.

இரண்டாவது பாட்டு முடிந்தது. மூப்பர் முன்னால் வந்து வழக்கம் போல் அழைத்தார். வழக்கம் போல் யாரும் எழவில்லை. நான் எழுந்தேன். மூப்பரின் முகம் வெளுத்துப்போனது, பாவம், அவரும் நல்ல மனிதர்தான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கும் தெரியாது. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்குச் சொகமாகல. செத்துப்போனாங்க. ஏன்னு எனக்குத் தெரியாது, ஆண்டவர் இன்னும் சொல்லல. ஆனா கடைசியில கொஞ்ச நாள் நல்லாத் தூங்குனாங்க. அந்தத் தூக்கத்துக்காக ஸ்தோத்திரம்."

உட்கார்ந்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. மகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, தன் மகனுக்கு சாகண் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததற்காக நன்றி சொன்னார். அதற்கு எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.